புலியா, பாசஞ்சரா

எங்கள் வீட்டுக்கு நாய் வேண்டும் என்ற பேச்சு செருப்பிலிருந்துதான் தொடங்கியது.

மகளுக்கு ஒன்பது வயது முடிந்த அன்று மாலை, துறைமுக ஊரான கிள்ளானில் எங்கள் வீட்டில் சின்னதாக ஒரு பூஜை வைத்திருந்தோம். இருபது, இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். சாப்பிட்டு, கேக் வெட்டி, விடைபெற்று வாசலுக்கு வந்து பார்த்தால் ஒரு செருப்பைக்கூடக் காணோம். பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக வாங்கியது, ஆபீஸ் ஷூ, குழந்தைகளின் சப்பாத்து எல்லாம் போய்விட்டன. திருடன் ஒரே ஒரு ஜோடியைத்தான் விட்டுவிட்டுப் போயிருந்தான். அது என் கணவருடைய ரப்பர் செருப்பு. விருந்தாளிகள் வெறுங்காலோடு தார்ரோட்டில் நுனிக்காலில் நடந்து காருக்குப் போனார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் என் குளியலறைச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு என் கணவர் அந்த ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். செருப்புகள் போனதைவிட, அது போகாததுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன்.

"நாய் வாங்குறோம்" என்றார்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. கணவருக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை, குமாஸ்தாதான். நான் மிஸ்ஸி, அதாவது ஆஸ்பத்திரியில் தாதி. பெரும்பாலும் இரவு ஷிப்ட்தான் பார்த்தேன். காலையில் வந்து படுத்தால் பிற்பகல் மூன்று மணி வரை யாரும் என்னை எழுப்பக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். எங்களோடு கணவரின் சித்தப்பாவும் இருந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் நடு அறைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

கணவர் நாய் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், துறைமுகத்தில் கிரேன் நிறுவ வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த வேலை ஏதோ பாலைவன நாட்டில். அவரிடம் இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று அவர் முன்பு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது கிடைத்தது. மற்றது அவர் மனைவி தம் ஊரான ஹங்கேரியிலிருந்து கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஒன்றை ஒன்று பிடிக்காது, அதனால் இரண்டு வீட்டுக்குத்தான் கொடுப்பேன் என்று அந்த அம்மாள் உறுதியாக இருந்தார். கிள்ளான் டவுனில் கிளினிக் வைத்திருந்த ஒரு சீனப் பல் டாக்டர், எது கொடுத்தாலும் சம்மதம் என்று சொல்லிவிட்டார். ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று என்று வைத்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இல்லாதது அந்த வாரம் டாக்டரிடம் இருக்கும்.

கணவர் இந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்தபோது மாமா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி ரெண்டு நாய் இந்த நாட்டுலயே வேற யார்கிட்டயும் இருக்காதாம், சித்தப்பா."

"என்ன சாதி?"

"ஒண்ணு பசென்ஜி. ஆப்பிரிக்கா நாய்."

"பாசஞ்சரா?"

"பசென்ஜி."

"அதத்தான் நானும் சொல்றேன், பாசஞ்சர். இன்னொண்ணு?"

"புலி."

மாமா பேப்பரை மடித்து வைத்தார். "நான் நாயப் பத்திக் கேட்டேன்."

"நாய்தான் சித்தப்பா. அந்த சாதிக்குப் பேரே புலி."

"ஏன்டா, ஒரு வெள்ளக்காரன் புலியக் கூட்டிட்டு வந்து நாய்னு சொன்னா நீ தலையாட்டிட்டு வந்துருவியா?"

படம் காட்டினால்தான் நம்புவேன் என்றார். படம் இல்லை. அந்த அம்மாள் டைப் அடித்துக் கொடுத்த இரண்டு தாள்கள் மட்டும்தான் இருந்தன. நோயாளியின் சார்ட்டைப் படிப்பது போல நான் உட்கார்ந்து படித்தேன். பசென்ஜி குரைக்காது, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், வாடை கிடையாது, மழை பிடிக்காது. புலி நன்றாகக் குரைக்கும், ஆடு மேய்க்கும் சாதி, முடி உதிராது, குளிப்பாட்டினால் காய நேரமாகும்.

"குரைக்காத நாய் எதுக்கு?" என்றார் கணவர். "அதுக்கு நாமளே போய் வாசல்ல உக்காரலாம்."

"குரைக்காத நாய்தான் எனக்கு வேணும்" என்றேன் நான். "பகல்ல தூங்குறவ நானு."

மாமா இரண்டும் வேண்டாம் என்றார். சாமி அறைப் பக்கம் வரக் கூடாது, தன்னை நக்கக் கூடாது, காலையில் தேவாரம் பாடும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளும் போட்டார். வலப்பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பள்ளிக்கூட ஆசிரியர். முஸ்லிம்கள் நாயைத் தொடாதவர்கள் என்பதால் கணவர் முறையாக அவரிடமும் போய்ச் சொன்னார். வேலிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி உங்கள் வீடு என்று அவர் சொன்னார். அவருடைய சைக்கிளும் முந்தின மாதம் திருடு போயிருந்தது. அதனால் கொஞ்சம் சத்தமாகக் குரைக்கிற நாயாகப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

கணவர் எதையும் முன்கூட்டியே செய்கிறவர். நாய் வருவதற்கு முன்பே லைசன்ஸ் பாரம் வாங்க ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டார். கவுண்டரில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம்.

"என்ன சாதிண்ணே?"

"இன்னும் முடிவாகல. பாசஞ்சர், இல்லன்னா புலி." மாமாவோடு பேசிப் பேசிக் கணவருக்கும் நாக்கு அப்படியே திரும்பியிருந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தாராம். "அண்ணே, நாங்க ரயிலுக்கும் லைசன்ஸ் கொடுக்கறதில்ல, புலிக்கும் கொடுக்கறதில்ல. நாய் கிடைச்சதும் வாங்க லா."

முதல் வாரம் பாசஞ்சர் வந்தது. செப்பு நிறம், நான்கு காலிலும் வெள்ளை சாக்ஸ், ஜாங்கிரி போலச் சுருண்ட வால். நெற்றியில் மூன்று மடிப்பு. பரீட்சை எழுதப் போகும் பிள்ளையின் முகம் அதற்கு. வந்ததும் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முன்காலை நக்கி நக்கி முகம் கழுவியது.

"இது பூனைம்மா" என்றாள் மகள். "நம்மள ஏமாத்திட்டாங்க."

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் தூங்கினேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படித் தூங்கியதில்லை. ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு போவார், பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போகும். அதற்கெல்லாம் பதில் சொல்லாத ஒரு நாய் என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. ஐந்தாவது நாள் பக்கத்து வீட்டு ஆசிரியர் கணவரைப் பார்த்து, நாய் எப்போது வரும் என்று விசாரித்தார்.

கணவருக்கு அது பொறுக்கவில்லை. பயப்படுத்தினால் எந்த நாயும் குரைக்கும் என்பது அவர் கட்சி. ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தவர், கைலியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு வெளியே போய், எங்கள் கேட்டில் தானே ஏறிக் குதிக்கப் பார்த்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாசஞ்சர் போர்ட்டிகோவில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து அவரைக் கவனித்தது. அவர் ஒரு காலை இந்தப் பக்கம் போட்டுவிட்டார், மற்றக் கால் மாட்டிக்கொண்டது. இடப்பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார்.

"சாவி இல்லையா தம்பி? எங்க வீட்டு வழியா வாங்களேன்."

"இல்லக்கா. நான் இப்ப திருடன்."

அக்கா எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "மிஸ்ஸிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

பாசஞ்சர் கொட்டாவி விட்டது. அதன் வாயிலிருந்து அந்த வாரம் வந்த முதல் சத்தம் அதுதான் என்று கணவர் சாதித்தார். அது சரியல்ல. முதல் சத்தத்தை நான் வியாழக்கிழமை காலையிலேயே கேட்டிருந்தேன்.

அன்று எனக்கு ஓய்வு நாள். மாமா வழக்கம் போல ஆறு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, சாமி அறையில் தேவாரம் பாட ஆரம்பித்தார். அவருடைய குரல் கணீரென்று இருக்கும். பாட்டு மேலே ஏற ஏற, இன்னொரு குரலும் கூடவே ஏறியது. ஊளையும் அல்ல, அழுகையும் அல்ல. யாரோ தொண்டைக்குள் வழவழவென்று ராகம் இழுப்பது போல ஓர் ஓசை. நான் சமையலறையிலிருந்து ஓடிப் போனேன். பாசஞ்சர் சாமி அறை வாசற்படிக்கு வெளியே சரியாக ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, மூக்கை மேலே தூக்கி, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தது.

மாமா நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது. மாமா திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த அடியை எடுத்தார். அதுவும் எடுத்தது. அவர் கீழே இறங்கினார், அதுவும் இறங்கியது. திட்டப் போகிறார் என்று நினைத்து நான் நாயைப் பிடிக்கக் குனிந்தேன்.

"விடும்மா" என்றார். "சுருதி சேருது."

அன்றிலிருந்து காலைத் தேவாரம் இருபது நிமிஷத்திலிருந்து நாற்பது நிமிஷமாக நீண்டது. தாம் ஏதாவது ஒரு பாட்டை விட்டுவிட்டால், அதையும் பாடும்வரை பாசஞ்சர் எழுந்து போவதில்லை என்று மாமா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அந்த நாயிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வெள்ளை டியூட்டி ஷூவில் ஒன்றை முழுவதுமாகத் தின்றுவிட்டது. இரண்டையும் தின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஜன்னல் கம்பியில் ஏறி அலமாரி மேல் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. ஒரு தடவை கேட் திறந்திருந்த நேரம் பார்த்துப் பாய்ந்து, எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்க மூன்று சுற்று ஓடியது. எங்கள் வரிசையே பின்னால் ஓடியது. "பேருதான் பாசஞ்சர்" என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒரு ஸ்டேஷன்லயும் நிக்கல."

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மழை. கிள்ளானில் நாலு மணி ஆனால் மழை வரும். அதே நாலு மணிக்குத்தான் பாசஞ்சருக்கும் அவசரம் வரும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே பட்டால் போதும், பாதியில் திரும்பி வீட்டுக்குள் வந்துவிடும். சனிக்கிழமை நான் எழுந்து வந்து பார்த்தபோது கணவர் எதிர்ப்புறப் புல்தரையில் கொட்டும் மழையில் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டிக் குடையை நாய்க்குப் பிடித்திருந்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாசஞ்சர் குடைக்குக் கீழே சாவகாசமாக இடம் தேடிக்கொண்டிருந்தது.

"திருடனைப் பிடிக்கும்னு பாத்தா" என்றார் உள்ளே வந்து. "எனக்குக் குடை பிடிக்கிற வேலை கிடைச்சிருக்கு."

மறுநாள் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய் நாயை மாற்றிக்கொண்டோம். டாக்டர் புலியின் கயிற்றை எங்களிடம் கொடுக்கச் சிறிது தயங்கினார். நல்ல நாய், ரொம்ப நல்ல நாய் என்று இரண்டு முறை ஆங்கிலத்தில் சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இதற்குள் புலி வரும் செய்தி எங்கள் வரிசை முழுக்கப் பரவியிருந்தது. காரை நிறுத்தும்போது வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பாதுகாப்பாக அவரவர் கேட்டுக்கு உள்ளே, பெரியவர்களும் நின்றார்கள். கார்க் கதவைத் திறந்தோம். கறுப்பாக ஒன்று கீழே குதித்தது.

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் மாப்பு இருக்கிறதே, தடித்தடியாக நூல் தொங்கும், அதைப் பிழிந்து கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்து நடக்கவிட்டால் எப்படி இருக்கும். அதுதான் புலி. உடம்பு முழுக்கச் சடை. கண் தெரியவில்லை, கால் தெரியவில்லை. எந்தப் பக்கம் முகம் என்று கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. மகள் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இதுவா புலி?" என்றார் இடப்பக்கத்து அக்கா. குரலில் ஏமாற்றம் இருந்தது.

மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சடைச்சாமியார்" என்றார். கொஞ்சம் மரியாதையோடுதான் சொன்னார்.

புலி குரைத்தது. கணவரின் முகம் மலர்ந்தது. அந்த வாரம் முழுக்க அந்த மலர்ச்சி வாடவே இல்லை. தபால்காரருக்குக் குரைத்தது, ரொட்டிக்காரருக்குக் குரைத்தது, காற்றில் ஆடிய வாழையிலைக்குக் குரைத்தது, மின்விசிறி நின்றால் குரைத்தது, திரும்பச் சுற்றினாலும் குரைத்தது. பக்கத்து வீட்டு ஆசிரியர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கணவருக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மாமா தேவாரத்தின் முதல் அடியைத் தொடங்கியதும் யாரோ உள்ளே நுழைந்துவிட்டதாக நினைத்துச் சாமி அறையைப் பார்த்துப் பத்து நிமிஷம் குரைத்தது. மாமா மனசுக்குள் பாடிக்கொள்ளத் தொடங்கினார்.

எனக்குத் தூக்கம் போனது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். தலையணையைத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதுதான் நினைவிருக்கிறது. கண்டக்டர் தோளைத் தட்டி, "அக்கா, கடைசி ஸ்டாப்" என்றபோது கண்ணைத் திறந்தேன். ஊரின் பெயர் தெலுக் பங்லிமா காராங். பஸ்ஸும் தவறு, திசையும் தவறு. தொழிற்சாலைப் பெண்கள் ஷிப்ட் முடிந்து வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். என் வெள்ளை உடையைப் பார்த்துவிட்டு ஒரு பெண் தன் கைக்காயத்தைக் காட்டி மருந்து கேட்டாள். நான் பார்த்துச் சொன்னேன். வீடு வந்து சேர மணி பதினொன்று ஆகிவிட்டது. புலி என்னைப் பார்த்துக் குரைத்தது.

மறுநாள் அது வீட்டுக்கு முன்னாலிருந்த சாக்கடையில் விழுந்து புரண்டு வந்தது. குளிப்பாட்டாமல் முடியவில்லை. குளிப்பாட்டியது அரை மணி நேரம். காயவைக்க இரண்டு நாள். ஒவ்வொரு சடையாகப் பிடித்து, ரசத்துக்குப் புளி கரைப்பது போலப் பிழிந்தோம். புலியைப் புளி போலப் பிழிகிறோம் என்று மகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முதலில் எல்லோரும் சிரித்தோம், பத்தாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மேசை மின்விசிறி, என் ஹேர் டிரையர், மேலே ஓடும் விசிறி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதில் பியூஸ் போனது. வீடு முழுக்க நனைந்த சாக்கு வாடை அடித்தது. பிரிக்பீல்ட்ஸில் தனக்குத் தெரிந்த டோபி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோகலாம் என்று மாமா யோசனை சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாதி காய்ந்த புலி தன் உண்மையான திறமையைக் காட்டியது. மாமாவின் பழைய ரயில்வே கூட்டாளிகள் ஐந்து பேர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். மாதம் ஒருமுறை வருவார்கள். தேநீர், வடை, பேச்சு. ஒருவர் சோபாவில், ஒருவர் போர்ட்டிகோவில், ஒருவர் தொலைக்காட்சிக்கு முன்னால் என்று பிரிந்து பிரிந்து உட்கார்வது அவர்கள் வழக்கம். புலிக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொருவர் பின்னாலும் போய், தலையால் முழங்காலுக்குப் பின்னே ஒரு முட்டு. அவர் இரண்டடி நகர்வார், மீண்டும் ஒரு முட்டு. கடிக்கவில்லை, உறுமவில்லை. கால் மணி நேரத்தில் ஐந்து பேரையும், மாமாவையும் சேர்த்து ஆறு பேரையும், ஐஸ்பெட்டிப் பக்கத்து மூலையில் ஒரே கூட்டமாக நிறுத்திவிட்டு, அவர்களுக்கு முன்னால் படுத்துக்கொண்டது.

நான் வடைத்தட்டோடு வந்து பார்த்தேன். ஆறு பேரும் கையில் கோப்பையோடு தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"மாமா, ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க?"

"நாங்க நிக்கலம்மா" என்றார் மாமா. "நிப்பாட்டியிருக்கு."

அவர்களில் ஒருவர் கழிவறைக்குப் போக வேண்டும் என்று மெல்ல ஓரமாக நழுவினார். புலி எழுந்து போய் அவரை வளைத்துக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தியது. அவர் மறுபடியும் முயன்றார், மறுபடியும் கொண்டுவந்தது. கடைசியில் கணவர் வேலையிலிருந்து வந்து ஒரு வடையைத் தூக்கிப் போட்டுப் புலியைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போன பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அவர் ஓடிய ஓட்டம் அந்த வயதுக்கு அதிகம்.

நண்பர்கள் போன பிறகும் மாமா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷத்துக்கு மேல பிளாட்பாரத்துல கத்தினேன், மஞ்சக் கோட்டுக்குப் பின்னால நில்லுங்கன்னு. ஒருத்தன் கேட்டானா? இது வாயத் தொறக்காமலே செஞ்சிருச்சு."

பாசஞ்சருக்கு இருந்த மாமாவின் ஓட்டு அன்று ஆட்டம் கண்டது.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மறுநாள் சொல்ல வேண்டும். கணவர் புலி என்றார். மூன்று முறை சொன்னார். மகள் இரண்டும் வேண்டும் என்றாள், அது முடியாது என்றதும் அழுதாள், பிறகு தனக்கு ஓட்டு வேண்டாம் என்று எழுந்து போனாள். மாமா நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பாசஞ்சர் பாடுது. புலி வேலை பாக்குது. பாடுறவனையும் வேலை பாக்குறவனையும் எப்படி ஒப்பிடறது?"

"நீ சொல்லு" என்று கணவர் என்னைப் பார்த்தார்.

பாசஞ்சர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்தேன். புலி அவர் காலடியில் படுத்திருந்தது. அவர் பெருவிரலால் அதன் ஒரு சடையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். அதைக் குளிப்பாட்டி இரண்டு நாள் காயவைத்ததும் அவர்தான். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. "உங்களுக்குப் பிடிச்சதையே வச்சுக்குங்க. நான் வேற ஷிப்ட் கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்தேன். அதுதான் நினைவிருக்கிறது. எழுந்தபோது என் கன்னம் மேசையில் இருந்தது. கோப்பையை யாரோ கையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். மணி மூன்று. வீடு அமைதியாக இருந்தது. சமையலறையில் மாமா தாமே தோசை சுட்டுக்கொண்டிருந்தார், சட்டியில் சத்தம் வராமல்.

"அவர் எங்க மாமா?"

"புலியக் கூட்டிக்கிட்டு காலையிலயே கிளம்பிட்டான். நீ எந்திரிக்கிற வரைக்கும் திடல்ல சுத்திக்கிட்டு இருப்பான். குரைச்சா உன் தூக்கம் கெட்டுருமாம்."

நாலு மணிக்கு மழையோடு இருவரும் திரும்பினார்கள். இருவருமே நனைந்திருந்தார்கள். இரண்டு நாளாகப் பாடுபட்டுக் காயவைத்த சடையெல்லாம் மறுபடியும் சொட்டச் சொட்ட நின்றன. கணவர் துண்டால் முதலில் அதைத் துடைத்தார்.

"பாசஞ்சரே இருக்கட்டும்" என்றார், நிமிராமல்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது. பல் டாக்டர்தான். தயவுசெய்து புலியைத் தனக்கே கொடுத்துவிடும்படி கேட்டார். விஷயம் என்னவென்றால், முதல் வாரம் புலி அவருடைய காத்திருப்பு அறையில் இருந்திருக்கிறது. உள்ளே டிரில் சத்தம் கேட்டதும் பயந்து நழுவிப் போகிற நோயாளிகளை எல்லாம் அது வாசலில் மறித்து, முட்டி முட்டி, நாற்காலிக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. கிளினிக் வைத்த நாளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பல் பிடுங்கிக்கொண்டு போன ஒரே வாரம் அதுதான் என்றார். இரண்டாவது வாரம் பாசஞ்சர். ஒரு நோயாளி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து ஆ என்று குரல் கொடுக்க, பின்கட்டிலிருந்து பாசஞ்சரும் ஆ என்று எடுத்திருக்கிறது. அதன் குரல்தான் தெரியுமே. உள்ளே யாரையோ கொல்கிறார்கள் என்று வெளியே இருந்த நான்கு பேரும் ஓடிவிட்டார்கள். ஒருவர் பையைக்கூட எடுக்கவில்லையாம்.

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு கணவரிடம் சொன்னேன். அவர் புலியின் முகம் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்து, சடையை விலக்கி, அதன் கண்ணைப் பார்த்தார்.

"உனக்கு அங்க வேலை இருக்காம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே தனியாகக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பாசஞ்சரோடு வந்தார்.

பாசஞ்சர் எங்களோடு பதினோரு வருஷம் இருந்தது. ஒருமுறைகூடக் குரைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆசிரியருக்கு அது ஒரு குறையாகவே இருந்தது, ஆனால் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது இருந்தவரை நான் நிம்மதியாகத் தூங்கினேன். மாமா அதற்காகவே இரண்டு புதுப் பதிகம் மனப்பாடம் செய்தார். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் ஒரு திருவிழாவுக்குப் பாடக் கூப்பிட்டபோது, கூடப் பாட ஆள் இல்லாமல் தனியாகப் பாட வரவில்லை என்று மறுத்துவிட்டார். கேட்டவர்கள் யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கணவருக்கு மட்டும் அதற்குப் பிறகு பல்வலி வந்தது. அதுவரை டாக்டர் பக்கமே போகாதவர், பயந்தவர். இப்போது ஒரு வாரம் மேல் கடைவாய், அடுத்த வாரம் கீழ் கடைவாய் என்று சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிடுவார். போனால் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். நானும் நம்பிக் கிராம்புத் தைலம் எல்லாம் வாங்கி வைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து டாக்டரை நான் பாசாரில் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தார். என் கணவருடைய பல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

டாக்டர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "மிஸ்ஸி, உங்க ஹஸ்பண்டுக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல லா" என்றார் தமக்குத் தெரிந்த தமிழில். "அவர் உள்ளயே வர்றதில்ல. வெளிய உக்காந்திருப்பார், புலி அவர் கால் மேல படுத்திருக்கும். நான் கிளினிக் மூடணும்னு சொன்னா எந்திரிப்பார். புலி அவர விடாது. திருப்பிக் கொண்டாந்து உக்கார வச்சிரும்."

நான் வீட்டுக்கு வந்து ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சட்டை மாட்டியபோது, தாளில் சுற்றிய இரண்டு வடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் படுக்கப் போய்விட்டேன்.